எந்த சாஃப்ட்வேர் என்பது இரண்டாவது கேள்வி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வெப்சைட்டில் விரலால் சுழற்றிப் பார்க்கிற முப்பரிமாண உருவங்களை எதில் செய்வது? பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கே: வெப்சைட்டில் தொட்டால் அசைகிற 3டி உருவம் செய்ய வேண்டும். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? (மதுரை)

ப: வாங்கவே வேண்டாம். பிளெண்டரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். ஆனால் எந்த சாஃப்ட்வேர் என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி: அதைப் பார்க்கப் போகிறவர் கையில் என்ன போன் இருக்கிறது?

சினிமாவுக்கு 3டி செய்கிறவர்கள் ஒரே ஒரு ஃபிரேமை வரைய கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கில் நேரம் கொடுக்கலாம். தியேட்டரில் ஓடுவது வரைந்து முடித்த படம். வெப்பில் பார்ப்பவர் விரலை நகர்த்துகிற அந்த நொடியில் அவருடைய போனே உருவத்தை வரைந்து காட்டியாக வேண்டும். நொடிக்கு 60 தடவை வரைவதென்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் அடங்கும்படி உருவத்தை இளைக்க வைக்க எது உதவுகிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல சாஃப்ட்வேர்.

கே: இலவசம் என்றாலே சந்தேகம் வருகிறது. பெரிய ஸ்டூடியோக்களில் மாயா, 3டிஎஸ் மேக்ஸ், சினிமா 4டி என்கிறார்களே? (சென்னை)

ப: பிளெண்டர் இலவசமான கதையைக் கேட்டால் சந்தேகம் தீரும். நெதர்லாந்தில் டான் ரோசண்டால் என்பவர் தன் அனிமேஷன் ஸ்டூடியோவுக்காக எழுதிய சாஃப்ட்வேர் அது. அதை விற்ற கம்பெனி 2002-இல் மூடப்பட்டது. முதலீட்டாளர்களிடமிருந்து மூல நிரலை மீட்க 1 லட்சம் யூரோ தேவை. உலகெங்கும் உள்ள பயனாளிகளிடம் கேட்டார். ஏழே வாரத்தில் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அது எல்லோருக்கும் சொந்தம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்ததுதான்.

மற்றவையும் மட்டமில்லை. மாயா 1998-இல் வந்தது. பாத்திரங்களுக்கு எலும்பு பூட்டி நடிக்க வைப்பதில் பழுத்த கை. 3டிஎஸ் மேக்ஸ் கட்டட வடிவமைப்பாளர்களின் செல்லப்பிள்ளை. சினிமா 4டி விளம்பர அனிமேஷன்காரர்களுக்குப் பிடித்தது. உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே அதில் ஒன்று இருந்து, கையும் பழகியிருந்தால் மாறாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர் சந்தா கட்டித்தான் கற்க வேண்டும் என்பதில்லை. அவ்வளவுதான்.

கே: பிளெண்டர் கற்றால் போதாதாம், த்ரீ.ஜேஎஸ்ஸும் வேண்டுமாம். இரண்டும் ஒன்றில்லையா? (திருச்சி)

ப: பொம்மலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மையைச் செய்து கைகால் பூட்டித் தருவது பிளெண்டர். நூலைப் பிடித்து ஆட்டுவது த்ரீ.ஜேஎஸ். மேடை, பிரவுசர். போனின் கிராஃபிக்ஸ் சிப்பிடம் பிரவுசர் வேலை வாங்கும் வழி வெப்ஜிஎல். அதன் முதல் பதிப்பு 2011-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடமே ரிக்கார்டோ காபெல்லோ த்ரீ.ஜேஎஸ்ஸை வெளியிட்டுவிட்டார். 2013-இல் வந்த பாபிலான்.ஜேஎஸ்ஸும் அதே வேலையைச் செய்யும்.

பொருளை வெறுமனே சுற்றிக் காட்டினால் போதுமென்றால் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கூகுளின் மாடல்-வியூவர் இருக்கிறது. பக்கத்தில் படம் சேர்ப்பது போல ஓரிரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

கே: ஓபிஜே, எஸ்டிஎல், எஃப்பிஎக்ஸ், ஜிஎல்டிஎஃப்... எதில் சேமிப்பது என்றே புரியவில்லை. (ஈரோடு)

ப: ஓபிஜேவில் உருவம் இருக்கும், அசைவு இருக்காது. எஸ்டிஎல் 3டி பிரிண்டருக்கானது. அதில் அசைவோடு நிறமும் போய்விடும். எஃப்பிஎக்ஸ் அசைவைச் சுமக்கும். ஆனால் அது ஆட்டோடெஸ்க் கம்பெனியின் சொந்தச் சொத்து, பிரவுசருக்காகப் பிறந்ததும் இல்லை.

வெப்புக்கென்றே வந்தது ஜிஎல்டிஎஃப். க்ரோனோஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2015-இல் வெளியிட்டது. இப்போது புழங்கும் 2.0 பதிப்பு 2017-இல் வந்தது. 2022-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அதையே ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஜிஎல்பி. ஜிஎல்டிஎஃப் என்பது சாதம், குழம்பு, பொரியல் தனித்தனிப் பாத்திரத்தில் என்றால், ஜிஎல்பி டிபன் கேரியர். வெளியூருக்கு அனுப்ப கேரியர்தான் வசதி.

எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: ஜிஎல்பி ஒழுங்காக வெளியே வருமா? பிளெண்டரில் அந்த எக்ஸ்போர்ட் கூடவே வருகிறது.

கே: எங்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு வியாபாரம். வாடிக்கையாளர் வெப்சைட்டிலேயே விளக்கைச் சுழற்றி, பாகம் பாகமாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். முடியுமா? (கும்பகோணம்)

ப: தாராளமாக. இப்படி ஒரு பொருளில்தான் 3டி கற்க வேண்டும் என்பேன். உங்கள் பட்டறையில் கடைசல் பிடிக்கிறார்களே, பிளெண்டரிலும் அதேதான். விளக்கை நெட்டுக்குத்தாக நறுக்கினால் தெரியும் பாதி வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள்: பீடம், தண்டு, தண்டின் கணுக்கள், தட்டு. ஸ்க்ரூ மாடிஃபையரைப் போட்டால் அந்தக் கோடு அச்சைச் சுற்றி ஒரு வட்டம் போய் விளக்காகிவிடும்.

கணக்கு இதோ. கோட்டில் 40 புள்ளிகள், சுற்றுக்கு 32 படிகள் என்றால் சுமார் 2,500 முக்கோணங்கள். எந்த போனும் இதைத் தூக்கும். ஐந்து முகமும் கடைசலில் வராது. ஒரு முகத்தைக் கையால் இழுத்துச் செய்து, 72 டிகிரிக்கு ஒன்றாக ஐந்து நகல் வையுங்கள். உச்சியிலிருக்கும் அன்னத்தின் இறகு வரிகளை உருவத்திலேயே செதுக்கினால் முக்கோணங்கள் லட்சத்தைத் தாண்டும். அவற்றை நார்மல் மேப் என்ற படமாக மாற்றி, எளிய அன்னத்தின் மேல் போர்த்துங்கள். வெளிச்சம் விழும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

முக்கியமான இடம் அடுத்தது. பாகங்கள் கழல வேண்டுமென்றால் பீடம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் தனித்தனி ஆப்ஜெக்டுகளாக, தனித்தனிப் பெயரோடு இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் ஆரிஜின் புள்ளியும் விளக்கின் நடு அச்சிலேயே இருக்கட்டும். அப்போதுதான் மரை கழல்வது போல நின்ற இடத்தில் சுழன்றபடி மேலே எழும்பும். ஆரிஜின் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் தட்டு கோணலாக வட்டமடிக்கும்.

கே: பிளெண்டரில் தங்கமாக மின்னிய பொருள், பிரவுசரில் கறுப்பாக நிற்கிறது. என்ன பாவம் செய்தேன்? (கோவை)

ப: பாவம் ஒன்றுமில்லை, சுற்றுப்புறத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உலோகத்துக்குச் சொந்த அழகு குறைவு. எதிரில் இருப்பதைப் பிரதிபலித்துத்தான் மின்னும். பிளெண்டரில் வைத்த சூழல் வெளிச்சம் ஜிஎல்பியோடு வராது. பிரவுசரில் பிரதிபலிக்க எதுவும் இல்லையென்றால் தங்கமும் கறுப்புதான். த்ரீ.ஜேஎஸ்ஸில் ஒரு என்விரான்மென்ட் மேப் போடுங்கள், தங்கம் திரும்பி வரும்.

நிறமே மாறி வந்தால் காரணம் வேறு. நோடுகளைக் கோத்துக் கணக்கால் உருவாக்கிய மரவரி, கறை, துரு எதுவும் ஜிஎல்டிஎஃப்புக்குப் புரியாது. அவற்றை பேக் செய்து படமாக்க வேண்டும். பிரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப் என்ற ஒரே மெட்டீரியலில் நிறம், உலோகத்தன்மை, சொரசொரப்பு ஆகியவற்றுக்குப் படங்களை நேராக மாட்டினால் அப்படியே வந்து சேரும்.

கே: கோப்பு 3 எம்பிதான். அப்படியும் போனில் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. (நாகர்கோவில்)

ப: எனக்கும் நடந்தது. முதன்முதலில் செய்த பித்தளைச் சொம்பை அம்மாவின் போனில் திறந்தேன். பாதி ஏறியது, பக்கம் மூடிக்கொண்டது. என் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு சுழன்ற சொம்பு அது. காரணம், டெக்ஸ்சர் படங்கள்.

ஜேபெக் படம் டிஸ்க்கில் சுருண்டு கிடக்கும். கிராஃபிக்ஸ் நினைவகத்துக்குள் போகும்போது முழுதாக விரியும். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம், விரிந்தால் 64 எம்பி. நிறத்துக்கு ஒன்று, நார்மலுக்கு ஒன்று, சொரசொரப்புக்கு ஒன்று என மூன்று படம் என்றால் 192. தூரத்தில் தெரியும்போது காட்டுவதற்கென்று சிறிய நகல்களும் சேரும். அதற்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 256 எம்பி, ஒரு சொம்புக்கு! அதே மூன்று படத்தையும் 1024-க்கு 1024 ஆகக் குறைத்தால் 16 எம்பிதான். போன் திரையில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் கேடிஎக்ஸ்2 வடிவத்துக்கு மாற்றுங்கள். அது நினைவகத்துக்குள்ளும் சுருங்கியே இருக்கும். டிராகோ சுருக்கம் இதற்கு உதவாது. அது முக்கோணங்களை மட்டும்தான் சுருக்கும்.

கே: எத்தனை முக்கோணம் வரை போகலாம்? (சேலம்)

ப: எல்லா போனுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. எண் எங்கே வீங்குகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். வழவழப்புக்காகப் போடுகிறோமே சப்டிவிஷன், ஒவ்வொரு படிக்கும் முகங்கள் நான்கு மடங்காகும். ஆறு முகமுள்ள கனசதுரம் மூன்றாம் படியில் 384 முகம். ஆறாம் படியில் 24,576. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே உருண்டை. இரண்டாம் படியில் நிறுத்தி, ஷேட் ஸ்மூத் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

முக்கோணங்களை எண்ணுகிறவர்கள் மெட்டீரியலை எண்ண மறந்துவிடுகிறார்கள். ஒரு பொருளில் 20 துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டீரியல் என்றால், ஒவ்வொரு ஃபிரேமிலும் 20 தனி உத்தரவுகள் சிப்புக்குப் போகும். தனியாக அசையத் தேவையில்லாத துண்டுகளைச் சேர்த்து ஒரே மெட்டீரியலில் கொண்டுவாருங்கள்.

கே: நடை, ஓட்டம், குதி என மூன்று அனிமேஷன் செய்தேன். பிரவுசரில் ஒன்றுதான் வருகிறது. (வேலூர்)

ப: மூன்றையும் தனித்தனி ஆக்ஷன்களாக வைத்து, ஒவ்வொன்றையும் என்எல்ஏ எடிட்டரில் தனி டிராக்காக இறக்கிப் பெயர் கொடுத்தீர்களா என்று பாருங்கள். பெயர்தான் பாலம். த்ரீ.ஜேஎஸ் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நடையைக் கூப்பிடும், நடையிலிருந்து ஓட்டத்துக்கு மெல்லக் கலக்கும்.

எலும்பு பூட்டும்போது இன்னொன்று: தோலின் ஒரு புள்ளியை நான்கு எலும்புகளுக்கு மேல் இழுக்க விடாதீர்கள். ஜிஎல்டிஎஃப் உத்தரவாதம் தருவது நான்குக்குத்தான். எலும்பு அசைவும், முகபாவத்துக்கான ஷேப் கீயும் பத்திரமாக வந்து சேரும். புகை, தீ, தண்ணீர் சிமுலேஷன் வராது. விளக்குச் சுடர் வேண்டுமென்றால் அதை பிரவுசரிலேயே ஒரு சின்ன ஷேடரால் ஆட வையுங்கள். அழகாகவும் இருக்கும், கனமும் இல்லை.

கே: கோப்பை டபுள் கிளிக் செய்தால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது! (விழுப்புரம்)

ப: டிஸ்க்கிலிருந்து நேராகத் திறந்த பக்கம் பக்கத்திலிருக்கும் ஜிஎல்பியைப் படிப்பதை பிரவுசர் பாதுகாப்புக்காகத் தடுக்கும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன லோக்கல் சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் திறங்கள். பலர் மாடல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து முதலிலிருந்து செய்கிறார்கள். மாடல் நன்றாகத்தான் இருக்கும்.

கே: பிரவுசரிலேயே வேலை செய்யும் ஸ்பிளைன் சுலபமாக இருக்கிறது. அது போதாதா? (புதுச்சேரி)

ப: முகப்புப் பக்கத்துக்கு ஒரு அழகான அசையும் உருவம், இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்றால் ஸ்பிளைன் நல்லது. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அதிலேயே அமைக்கலாம். ஆனால் முதல் நாளே ஒன்றைச் செய்து பாருங்கள்: உங்கள் உருவத்தை ஜிஎல்பியாக வெளியே எடுத்து, வேறிடத்தில் திறக்க முடிகிறதா?

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு தலைமுறை வெப் அனிமேஷன் முழுவதும் ஃப்ளாஷில் இருந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு நின்றது. சாஃப்ட்இமேஜ் என்ற புகழ்பெற்ற 3டி சாஃப்ட்வேரும் நிறுத்தப்படுவதாக 2014-இல் அறிவிப்பு வந்தது. உழைப்பு உங்களுடையது. அது ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கக் கூடாது.

கே: என் லேப்டாப் பழையது, 8 ஜிபி ராம்தான். பிளெண்டர் ஓடுமா? (தூத்துக்குடி)

ப: கிராஃபிக்ஸ் சிப் மிகப் பழையதாக இல்லாவிட்டால் ஓடும். ராத்திரி முழுக்க ரெண்டர் போடுகிறவர்களுக்குத்தான் பெரிய மெஷின் வேண்டும். நீங்கள் ரெண்டரே போடப் போவதில்லை. அது பார்ப்பவரின் போன் செய்கிற வேலை. உங்கள் லேப்டாப் திணறாமல் காட்டுகிற உருவம் போனிலும் திணறாமல் வர வாய்ப்பு அதிகம். பழைய மெஷினில் கற்றவர் கனம் பார்த்துச் செய்வார்.

கே: மகளுக்குப் பத்து வயது. பிளெண்டரைத் திறந்து பட்டன்களைப் பார்த்ததும் மிரண்டுவிட்டாள். (தஞ்சாவூர்)

ப: டிங்கர்கேடில் தொடங்குங்கள். பெட்டி, உருளை, கூம்பு. ஒன்றோடொன்றை ஒட்டுவது, ஒன்றால் ஒன்றைத் துளைப்பது. முப்பரிமாணத்தில் யோசிக்க அதுவே போதும். அடுத்து பிளாக்பெஞ்ச்: இலவசம், கட்டம் கட்டமான பொம்மைகள் செய்து அசைக்கலாம், ஜிஎல்டிஎஃப்பும் எடுக்கலாம். அவளாகவே ‘வளைவு வரவில்லையே’ என்று குறைப்படும் நாளில் பிளெண்டரைத் திறந்து காட்டுங்கள்.

கே: 3டி பாடங்களில் எங்கு பார்த்தாலும் ஒரு டீ கெட்டில் வருகிறதே, ஏன்? (காஞ்சிபுரம்)

ப: 1975-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆராய்ச்சியாளருக்கு வரைந்து பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டிலிருந்த கெட்டிலையே பார்த்து வரைந்தார். வளைவு, கைப்பிடித் துளை, தன் மேலேயே விழும் நிழல் எல்லாம் ஒரே பொருளில் இருந்ததால் உலகமே அதை எடுத்துக்கொண்டது. அசல் கெட்டில் இப்போது கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது. முதல் மாடலுக்குப் பொருள் தேடுகிறவர்கள் தங்கள் சமையலறையிலேயே தேடலாம்.

கே: ஓயாமல் சுழலும் பக்கங்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. (காரைக்குடி)

ப: உங்கள் கடிதத்தை எல்லா டிசைனர்களும் படிக்க வேண்டும். போனின் அமைப்புகளில் அசைவைக் குறைக்கச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவையுங்கள். செய்கிறவர்களுக்கு: பார்ப்பவர் அதை இயக்கியிருக்கிறாரா என்று பிரவுசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். இயக்கியிருந்தால் உருவத்தை அசையாமல் நிறுத்துங்கள். அவரே தொட்டால் மட்டும் திரும்பட்டும்.

கே: இதையெல்லாம் கற்க எத்தனை நாள் ஆகும்? எங்கிருந்து தொடங்குவது? (திருநெல்வேலி)

ப: ஆடும் பெண், பறக்கும் குதிரை எல்லாம் பிறகு. முதல் வாரம் ஒரு சொம்பு மட்டும். பாதி வெளிக்கோடு, ஒரு சுற்று, ஒரே மெட்டீரியல், 1024 அளவில் படம். ஜிஎல்பியாக எடுத்து, மாடல்-வியூவரில் ஏற்றுங்கள். மாலைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடியும்.

முடிந்ததும் உங்கள் போனில் பார்க்காதீர்கள். வீட்டில் யாரிடம் மிகப் பழைய போன் இருக்கிறதோ, அவர் கையில் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். விரல் போகிற பக்கம் சொம்பும் திரும்பி, அவர் அடிப்பாகத்தைப் பார்க்க போனையே தலைகீழாகத் திருப்பினார் என்றால், இரண்டாவது வாரத்தைத் தொடங்கலாம்.